இரண்டு காலண்டர்களுக்கு நடுவில் ஓர் அருவி

முதல் தடவை போனபோது அருவியைத் தேட வேண்டியிருந்தது. சித்திரை வெயில். சிவனசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் பள்ளத்தில் விழுகிறது. கொள்ளேகால் பக்கம் விழுவதற்குப் பரச்சுக்கி என்று பெயர். படங்களில் பாறைச் சுவர் முழுக்க வெள்ளையாக இருக்கும். நேரில் போனால் கருத்த பாறைதான் அரைவட்டமாக நின்றது. ஓரத்தில் இரண்டு இடங்களில், குழாயைச் சரியாக மூடாமல் போனதுபோல் கொஞ்சம் தண்ணீர் ஒழுகியது. பக்கத்தில் நின்ற பெங்களூர்ப் பெண்மணி தன் கணவரிடம், "இதுக்கா மூணு மணி நேரம் காரு ஓட்டினீங்க?" என்று கன்னடத்தில் கேட்டார். கணவர் வெள்ளரிக்காய் வாங்கப் போய்விட்டார்.

என்னை அழைத்துப் போனவரும் கொஞ்சம் அசடு வழிந்தார். அவர் பெயர் மஞ்சுநாத். எனக்கும் அவருக்கும் நிச்சயமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது.

நான் மைசூர் மண்டி மொஹல்லாவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுகிற வேலை. ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. வருகிறவர்கள் வருஷக்கணக்கில் வருவார்கள். அவர்கள் வீட்டு நாய் குட்டி போட்டதுகூட எங்களுக்குத் தெரியும்.

மஞ்சுவின் அப்பா அப்படி இரண்டு வருஷம் கொள்ளேகாலிலிருந்து பஸ்ஸில் வந்தார். கூடவே மஞ்சு. கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார் என்பதைத் தவிர அப்போது அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பெரியவர் காலமாகி ஒரு வருஷம் கழித்து ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, வீட்டில் வந்து பேசலாமா என்று கேட்டார். கன்னடக்காரர் என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் யோசித்தார்கள். தமிழ்ப் பெண் என்று அவர்கள் வீட்டில் மூன்று நாள். கொள்ளேகால் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ்தான் என்பதால் நாலாம் நாள் சரி என்றுவிட்டார்கள்.

நிச்சயத்தின்போது மஞ்சுவின் பெரிய மாமா ஒருவர், கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலையை விட்டுவிடும்தானே என்று கேட்டார். "ஆமாங்க, அது எதுக்கு" என்று அப்பா உடனே சொல்லிவிட்டார். நான் அந்த நேரம் ஒரு போண்டாவைக் கடித்து வாயில் வைத்திருந்தேன். விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு பந்தக்கால் நடுவதற்குப் போய்விட்டது. அப்புறமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தத் தப்பு என்னுடையதுதான்.

பரச்சுக்கியில் மேலிருந்து அடிவாரத்துக்கு இருநூற்றுச் சொச்சம் படிகள். நான் எண்ணியது ஒரு கணக்கு, மஞ்சு எண்ணியது ஒரு கணக்கு. சாமுண்டி மலையின் ஆயிரம் படி ஏறி வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு படியா என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சாமுண்டியில் முதலில் ஏறிவிட்டு அப்புறம் இறங்குகிறோம். இங்கே முதலில் இறங்கிவிட்டு, கால் ஓய்ந்த பிறகு ஏற வேண்டும். இது கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

கீழே பள்ளத்துக்குள் வெயில் இன்னும் கொளுத்தியது. மூன்று பக்கமும் பாறை, நடுவில் பச்சையாக ஒரு குட்டை, அதில் இரண்டு பரிசல்கள். மசாலா தடவிய மீனைக் கல்லில் போட்டு வாட்டிக் கொடுத்தார்கள். ஒகேனக்கல்லில் சித்தப்பா வீட்டாரோடு போய்ச் சாப்பிட்ட அதே மீன், அதே ஆறு. இங்கே காரம் மட்டும் ஒரு பிடி குறைவு. முள்ளை எடுத்துக்கொண்டே மஞ்சு சொன்னார்: "மழைக்காலத்துல வந்து பாரு கலா, காது கிழியும். கல்யாணத்துக்கப்புறம் உனக்கு நேரம்தானே, எப்ப வேணா வரலாம்." உனக்கு நேரம்தானே என்பது தொண்டையில் முள்ளாக நின்றது. மீன் முள் இல்லை.

வைகாசியில் கல்யாணம். அதற்கு முந்தின வாரம் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வீட்டு ஜோசியர்களும் உட்கார்ந்து இரண்டு பஞ்சாங்கத்தையும் புரட்டி முகூர்த்தம் குறித்தார்கள். பொருத்தம் பார்த்தார்கள், ராகுகாலம் பார்த்தார்கள். ஆனால் இரண்டு வீட்டுச் சுவர்க் காலண்டரையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை வீட்டில், அதாவது மஞ்சுவின் அம்மா வீட்டில், கன்னடக் காலண்டர். அமாவாசை கழிந்தால் அவர்களுக்கு மாதம் பிறக்கும். என் அம்மா வீட்டில் தமிழ்க் காலண்டர். எங்களுக்குச் சூரியன் கணக்கு. கொள்ளேகாலில் நான் சரியாக நாலு வாரம் இருந்தேன். ஆனி பாதியில் அவர்களுக்கு ஆஷாடம் பிறந்தது. ஆஷாடத்தில் மாமியாரும் புது மருமகளும் ஒரே வாசற்படியைத் தாண்டக் கூடாதாம். அத்தை எனக்கு ஒரு புடவையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து மைசூருக்கு அனுப்பிவைத்தார். ஒரு மாதம் முடிந்தது. சிராவணம் பிறந்துவிட்டது, வரமகாலட்சுமி பூஜைக்கு மருமகள் வேண்டும் என்று அத்தை போன் செய்தார். அம்மா சுவரைப் பார்த்தார். "ஆடி பொறந்து பத்து நாளாச்சு. ஆடியில புதுப்பொண்ண எப்படி அனுப்புறது?" என்றார்.

அம்மாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். அத்தைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். சண்டை வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் தெரியாது. போனை நடுவில் வைத்து நான் மொழிபெயர்த்தேன். பூஜைக்கு நான் போகவில்லை. ஆடி முடியும்வரை மைசூரில்தான் என்று ஆனது. மாதம் ஒன்றுக்குப் போட்ட தடை ஏழெட்டு வாரத்துக்கு நீண்டது.

எனக்கு வருத்தமா என்று பக்கத்து வீடுகளில் கேட்டார்கள். பாதி வருத்தம். மீதியை யாரிடமும் சொல்லவில்லை. நான் வந்த மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியில் எங்கள் இன்சார்ஜ் மேடம் கூப்பிட்டிருந்தார். ஒரு பெண் பிரசவ லீவில் போகிறாள், சும்மாதானே இருக்கிறாய், கொஞ்ச நாள் வந்து பார் என்றார். போனேன். உள்ளே நுழைந்ததும் ஏழாம் பெட் தாத்தா, "என்னம்மா, புருஷன் துரத்திவிட்டானா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். இரண்டு தடித்த ஊசிகளையும் முதல் குத்திலேயே ஏற்றினேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது, இந்த வேலையை இனி விட முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆடியில் நான் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அம்மா முகம் ஒரு மாதிரி ஆகும். அருவிக்குப் போகக் கூடாது என்று எந்தக் காலண்டரிலும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பரச்சுக்கியில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். அவர் தெற்கிலிருந்து வர வேண்டும், நான் மேற்கிலிருந்து.

அன்றைக்கு நல்ல மழை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கொள்ளேகால் மார்க்கெட்டுக்குப் பட்டுக்கூடு மூட்டையோடு ஏறியிருந்தாள். நனைந்த கூட்டின் வாடையை எழுத்தில் கொண்டுவர முடியாது. நரசீபுரம் தாண்டி ஒரு புளியமரக் கிளை ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பயணிகள் இறங்கி இழுத்துப் பார்த்தோம், நகரவில்லை. யாரோ ஊருக்குள் ஓடி அரிவாள் வாங்கி வந்தார்கள். அரை மணி நேரம். அதற்குள் பட்டுக்கூடுக்காரி என் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்து, "ஆஷாடம் முடிஞ்சு புருஷன் வீட்டுக்கா?" என்றாள். இல்லை, இப்போது ஆடி என்றேன். இரண்டும் உண்டா என்று வாயில் கை வைத்தவள், அவிச்ச வேர்க்கடலை ஒரு கை நிறையக் கொடுத்தாள். அனுதாபத்தில் கொடுத்த கடலை நன்றாகவே இருந்தது.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மணி நேர நடை. மழையில் ஆட்டோ இல்லை. மஞ்சு ஒரு குடையோடு நின்றிருந்தார். இரண்டு பேர் ஒரு குடையில் நடந்தால் இருவருக்கும் ஒரு தோள் நனையும். கரும்புக் காடு, நெல் வயல், ஆற்றுப் பாலம். பாலத்தைத் தாண்டும்போதே லாரி போவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ரோட்டில் லாரி எதுவும் இல்லை.

அருவி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சித்திரையில் பார்த்த பாறைச் சுவரைக் காணோம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தண்ணீர். செம்மண் கலந்த வெள்ளை. கீழே விழுந்தது புகையாகக் கிளம்பி மேலே நின்ற எங்கள் முகத்தில் அடித்தது. படிகளுக்குப் போகும் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். தடுப்புக் கம்பியில் யாராவது ஏறினால் காவலாளி விசில் ஊதினார். அந்த இரைச்சலில் விசில் அவருக்கே கேட்டிருக்காது.

சுட்ட சோளம் வாங்கிக்கொண்டு கடைச் சார்ப்பின் கீழ் ஒதுங்கினோம். அங்கே பேச்சு கேட்டது. ஒரு மாதமாக வேலைக்குப் போகிறேன், விட மனசில்லை என்று சொன்னேன். மஞ்சு சோளத்தை ஒரு வரிசை முழுக்கக் கடித்து முடித்தார்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"அம்மாகிட்ட நீயே சொல்லிரு."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். இப்படித் தட்டிக் கழித்தால் யாரோடு சண்டை போடுவது? திரும்பி நடந்தபோது குடையை அவரிடமே விட்டுவிட்டேன்.

ஆவணி பிறந்தது. லீவு போன பெண் தை மாதம்தான் வருவாள், அதுவரை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று அத்தையிடம் போனில் சொன்னேன். அத்தை சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டார். அவருக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் அடுப்பில் ஏதாவது பொங்கும், தீயும், அணையும். ஆறு நாள் மைசூர், சனிக்கிழமை சாயங்காலம் கொள்ளேகால் என்று என் வாரம் ஓடியது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நாங்கள் பிரிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். பெரிய மாமா கடைக்கே வந்து மஞ்சுவிடம் விசாரித்துவிட்டுப் போனாராம்.

மூன்றாவது தடவை தசரா நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலமும் ஷிப்ட் இருந்ததால் மைசூரிலிருந்தே நேராகப் போனேன். தசராவுக்கு உலகமே மைசூருக்கு வரும். மண்டி மொஹல்லா சந்துகளில் ஸ்கூட்டர் ஸ்கூட்டரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நாளில் ஊரைவிட்டு வெளியே போகிற பஸ்ஸில்தான் சீட்டு கிடைக்கும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன்.

அருவி இப்போது தனித்தனியாகப் பிரிந்திருந்தது. ஏழெட்டு வெள்ளைப் பட்டைகள், நடுநடுவே புல் முளைத்த பாறை. என் கண்ணுக்கு இதுதான் அழகு. ஆடியில் வருவது வெறும் மிரட்டல். படிக் கேட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். காலையில் பெய்த மழையில் பாசி பிடித்த படிகள் வழுக்கின. பாதி வழியில் ஒரு குரங்கு என் கைப்பையை இழுத்தது. நானும் இழுத்தேன். பையை விட்டுவிட்டு உள்ளேயிருந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. நாலு வாய் தின்றுவிட்டு மீதியை எங்கள்மேல் உதறியது. அம்மா கை உப்பு அதற்கும் ஒத்துவரவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் வெகுநாள் கழித்துச் சிரித்தோம்.

சிரிப்பு அடிவாரம்வரை தாங்கவில்லை. பாறையில் உட்கார்ந்ததும் மஞ்சு, பெரிய மாமா கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதையும் சொன்னார். "எத்தன நாளைக்கு கலா இப்படி? பஸ் ஸ்டாண்டுல உன்னைய ஏத்தி விடறதும் இறக்கறதுமா?" என்றார். நீங்கள் மைசூருக்கு வந்துவிடுங்கள் என்றேன். கடையை என்ன செய்வது, அம்மாவை என்ன செய்வது என்று கேட்டார். "அப்ப என்னைய மட்டும் எடுத்து எங்க வேணா வெக்கலாம், இல்ல?" என்று கேட்டுவிட்டேன். அவர் "பிடு" என்றார். விடு என்பதற்குக் கன்னடச் சொல். அவர் அதைச் சொன்னால் அதற்குமேல் பேச மாட்டார்.

ஏறும்போது வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அவர் கை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்திருக்கலாம் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மிகவும் வருந்தினேன். முழங்காலைவிட அது வலித்தது.

தை பிறந்தது. சங்கராந்திக்கு இரண்டு நாள் லீவு போட்டுக் கொள்ளேகாலுக்குப் போனேன். எங்கள் வீட்டில் பொங்கல் பானை. அங்கே எள், வெல்லம், கொப்பரை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். அத்தை கொப்பரையைச் சன்னமாகச் சீவ, நான் வெல்லத்தை நறுக்கினேன். பிரசவ லீவு போன பெண் திரும்பி வந்துவிட்டாள் என்றேன். அத்தை அடுத்த கொப்பரையை எடுத்தார். சாயங்கால ஷிப்டில் நிரந்தர இடம் ஒன்று காலி, திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், எனக்குப் போக ஆசை என்றும் சொல்லி முடித்தேன். இம்முறை அடுப்பில் ஒன்றுமே இல்லை. அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் ஒரு இடத்துக்குப் போவீங்களே. அங்க நானும் வரேன்" என்றார்.

கல்யாணமாகி முப்பது வருஷமாக அருவிக்கு அரை மணி நேர தூரத்தில் இருக்கிறார். ஒரு தடவையும் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால், வேலை என்றார்.

புளியோகரே, தயிர் சாதம், வடை என்று மூன்று அடுக்கு டிபன் கேரியரோடு அத்தை கிளம்பினார். ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர். மேலே தடுப்புக் கம்பி அருகே எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அத்தை படி எங்கே என்று கேட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினார். மஞ்சு முட்டி வலியை நினைவுபடுத்தினார். வலிக்கப் போவது தன் முட்டிதானே, அவன் முட்டி இல்லையே என்று சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார். கீழே வைத்து என்ன சொல்லப் போகிறார் என்ற ஒரே கவலையில் படிகளை எண்ண மறந்துவிட்டேன்.

தை மாதத்துத் தண்ணீர் தெளிவாக இருந்தது. மூன்று நான்கு இடங்களில் நிதானமாக விழுந்தது. காற்று குளிர்ந்தது. அத்தை ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். டயாலிசிஸ் நடந்த இரண்டு வருஷமும் மாமாவுக்கு, அதாவது மஞ்சுவின் அப்பாவுக்கு, ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான் அனுமதி. அதை அளந்து கொடுத்தவர் அத்தை. அவர் பார்வை போன இடத்தைப் பார்த்து, அதைத்தான் நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கன்னடத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையைப் பார்ப்பேன். நீ ஊசி போட்ட நாள்ல கை கையா இருக்கும். நீ லீவு போட்ட நாள்ல முழங்கை வரைக்கும் கருத்து வீங்கியிருக்கும். அன்னிக்கெல்லாம் ஒத்தடம் குடுப்பேன். உன் மூஞ்சி தெரியாது, பேர் மட்டும் தெரியும். எதுக்கு இந்தக் கலா லீவு போட்டான்னு திட்டிக்கிட்டே குடுப்பேன்."

இது எனக்குத் தெரியாது. மாமா ஒருநாளும் சொன்னதில்லை. மஞ்சுவும் சொன்னதில்லை.

"அந்தக் கலாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, வேலையை விட வெச்சுட்டேன். இப்ப வேற எந்த வீட்டுலயோ எவளோ ஒருத்தி ஒத்தடம் குடுத்துக்கிட்டு என்னையத் திட்டுவா. அது எனக்கு வேண்டாம். நீ போய்க் கையெழுத்துப் போடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அத்தை என்னைத் தேற்றவில்லை. டிபன் கேரியரைத் திறந்து, வடை ஊசிப்போவதற்குள் சாப்பிடச் சொன்னார். மஞ்சு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு வடையை எடுத்துக்கொண்டார். அப்படியானால் நாங்கள் எங்கே இருப்பது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாதிதான் தீர்ந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

சாப்பிட்ட பிறகு அத்தை பரிசலில் ஏறினார். பரிசல்காரர் கோபிநத்தம் பக்கத்துத் தமிழர். என் தமிழைக் கேட்டதும் ஊர்ப் பேச்சில் என்னிடம் விசாரணையைத் தொடங்கிவிட்டார். அருவிக்குக் கிட்டே போனதும் துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுப் பரிசலை விர்ரென்று சுற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அம்மா பயந்துக்குவாங்க, போதுங்" என்று பரிசல்காரர் நிறுத்தப் போனபோது, அத்தை நல்ல தமிழில், "இன்னொரு சுத்து சுத்து" என்றார். ஆடியில் போனில் அவருக்குத் தெரியாமல் போன தமிழ் இது.

ஏறும்போது ஐந்து இடத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் தன் முட்டியைத் தானே திட்டிக்கொண்டார். மேலே வந்து ஒரு அன்னாசிப் பழத்துண்டை மிளகாய்ப் பொடி தொட்டுத் தின்றார். பிறகு ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டுக்கு வந்தோம்.

கொள்ளேகால் பஸ் இந்தப் பக்கம் நிற்கும். மைசூர் பஸ் எதிர்ப் பக்கம். எப்போதும் நாங்கள் பிரிகிற இடம் அது. நான் என் பையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டத் தயாரானேன். முதலில் கொள்ளேகால் பஸ்தான் வந்தது. மஞ்சு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். அத்தை அவர் கையிலிருந்து கேரியரை வாங்கிக்கொண்டார்.

"நீ எங்க ஏறுற?"

"நாளைக்குக் கடை திறக்கணுமே" என்றார் மஞ்சு.

"அப்பாவுக்காக ரெண்டு வருஷம் மைசூருக்குப் போனியே, அந்த நாள்ல எல்லாம் கடையை யார் திறந்தா?"

மஞ்சு என்னைப் பார்த்தார். "அம்மாதான்" என்று என்னிடம் சொன்னார். நான் இத்தனை நாளில் இதைக் கேட்டதே இல்லை.

"இந்தப் பக்கத்துல எந்த வண்டிக்கு எந்த பிரேக் ஷூன்னு இவனைவிட எனக்குத்தான் தெரியும்" என்று அத்தை என்னிடம் சொன்னார். அப்பா காலமானதும் சாவியைத் திரும்ப வாங்கிய நாளிலிருந்து தன்னை வீட்டோடு வைத்துவிட்டானாம், வீட்டில் உட்கார்ந்து காலண்டர் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லையாம். பிறகு மகன் பக்கம் கையை நீட்டினார். "சாவியக் குடு. பொண்டாட்டி கூடப் போ. வாரத்துல ரெண்டு நாள் வந்து சரக்கு போட்டாப் போதும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். மஞ்சு பாக்கெட்டிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துக் கொடுத்தார். அத்தை ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவரை நகரச் சொல்லி அங்கே உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய் நின்றோம். மஞ்சுவிடம் மாற்றுத் துணிகூட இல்லை. மைசூர் பஸ் வர நேரமானது. ஷிப்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மதியம் இரண்டு மணிக்கு, கையெழுத்தையும் அப்போதே போட்டுவிடலாம் என்றேன்.

"அப்ப காலைல ரெண்டு மூணு வீடு பார்த்துரலாம்" என்றார்.